ஒரே விதி, இரு முடிவுகள்: இணையச் சந்தையில் சிறு விற்பனையாளரின் பிடிமானம் எது?

2019ஆம் ஆண்டில், உலகின் இரு மூலைகளில் இயங்கும் இரண்டு இணையச் சந்தைகள் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தன. நியூயார்க்கின் புரூக்ளினைத் தலைமையிடமாகக் கொண்டது எட்சி. 35 டாலரும் அதற்கு மேலும் வாங்குவோரிடம் அனுப்புகைச் செலவு கேட்காத கடைகளுக்கே அமெரிக்கத் தேடல் முடிவுகளில் முன்னுரிமை என்று ஜூலை மாதம் அது அறிவித்தது. டோக்கியோவில் இருந்து இயங்கும் ரகுடென், 3,980 யென்னுக்கு மேல் வாங்குவோருக்கு எல்லாக் கடைகளும் இலவசமாகவே அனுப்ப வேண்டும் என்ற திட்டத்தை அதே ஆண்டில் முன்வைத்தது. இரண்டிலும் சலுகையை அறிவித்தது தளம். அதன் செலவு விழுந்தது விற்பவர் தலையில்.

எட்சியின் கைவினைஞர்கள் பொருமினார்கள், விலையை ஏற்றி அனுப்புகைச் செலவை அதற்குள் மறைத்தார்கள், பணிந்தார்கள். ரகுடெனின் கடைக்காரர்கள் சங்கம் அமைத்தார்கள், அரசின் ஆணையத்திடம் போனார்கள், சில மாதங்களில் அந்தக் கட்டாயத்தை விலக்க வைத்தார்கள். எட்சி விற்பனையாளர்களுக்குத் துணிவு குறைவு என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. 2022இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அதைப் பொய்யாக்குகிறது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. ஜப்பானில் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது, அமெரிக்காவில் இல்லை.

இணையச் சந்தையில் விற்பவர்களுக்கு இன்று ஏராளமான அறிவுரைகள் கிடைக்கின்றன. லிஸ்டிங்கை நகலெடுத்து வையுங்கள், பல தளங்களில் விற்பனை செய்யுங்கள், வணிகக்குறியைப் பதிவு செய்யுங்கள் என்கிறார்கள். எல்லாமே தேவையானவைதான். ஆனால் அவை எதைக் காக்கும், எதைக் காக்காது என்று பிரித்துப் பார்த்தால்தான் மீதிப் பாதுகாப்பை எங்கிருந்து பெற வேண்டும் என்பது தெரியும்.

லிஸ்டிங்கில் யாருக்கு எது சொந்தம்?

தளத்தில் ஒரு பொருளுக்கென்று உள்ள பக்கத்தை விற்பவர்கள் லிஸ்டிங் என்கிறார்கள். அதற்கு இரண்டு பாகங்கள் உண்டு. படங்கள், தலைப்பு, விவரிப்பு, விலை, தேடலுக்கான குறிச்சொற்கள் ஆகியவை விற்பவர் உருவாக்குபவை. எட்சியில் தலைப்புக்கு 140 எழுத்துகள், குறிச்சொற்களுக்கு 13 இடங்கள் என்று அளவு உண்டு. அந்த அளவுக்குள் பொருளை விளங்கச் சொல்வது அனுபவத்தால் வரும் திறமை. இந்தப் பாகம் விற்பவருக்குச் சொந்தமானது. வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லக்கூடியதும்கூட.

இரண்டாம் பாகம் தளத்தின் பிடியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் இணைய முகவரி, வாங்கியவர்கள் எழுதிய மதிப்புரைகள், நட்சத்திரங்கள், தேடலில் எத்தனையாவது இடம், வாங்கியவரோடு மீண்டும் பேசும் உரிமை எல்லாம் இதில் அடங்கும். விற்பனையை நடத்துவது பெரும்பாலும் இந்தப் பாகம்தான். முதல் பக்கத்தில் நின்ற பொருள் ஐந்தாம் பக்கத்துக்குப் போனால், படமும் விவரிப்பும் எழுத்து மாறாமல் இருந்தாலும் வாங்க வருவோர் இல்லை.

விதி மாற்றம் தாக்குவது எப்போதும் இந்த இரண்டாம் பாகத்தைத்தான். பொருள் மாறவில்லை, செய்தவர் மாறவில்லை. ஆனாலும் நேற்றுவரை ஒழுங்காக இருந்த லிஸ்டிங் இன்று விதிமீறல் ஆகிறது, அல்லது யார் கண்ணிலும் படாமல் போகிறது.

எட்சியில் விதிகள் மாறிய கதை

2005இல் கைவினைப் பொருள்களுக்காகத் தொடங்கப்பட்ட எட்சி, ஒரு லிஸ்டிங்குக்கு நான்கு மாதத்துக்கு 20 சென்ட்டும், விற்றால் 3.5 சதவீதமும் வாங்கியது. விற்பவரே தம் கையால் செய்தது என்பதே அதன் அடையாளமாக இருந்தது. 2013 அக்டோபரில் அந்த வரையறை தளர்ந்தது. ஆள் வைத்துக்கொள்ளலாம், அனுமதி பெற்று வெளி உற்பத்தியாளரிடம் கொடுத்தும் செய்யலாம் என்றாயிற்று. வளர்ந்துவந்த கடைகளுக்கு இது உதவியது. ஆனால் தறியிலும் சக்கரத்திலும் தனியாக உட்கார்ந்து வேலை செய்தவர்கள், தொழிற்கூடப் பொருள்களோடு ஒரே தேடல் பக்கத்தில் போட்டியிட நேர்ந்தது.

2015 ஏப்ரலில் எட்சி பங்குச் சந்தைக்கு வந்தது. 2017இல் தலைமை மாறி ஜோஷ் சில்வர்மேன் பொறுப்பேற்றார். அதன்பின் மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. 2018 ஜூலையில் விற்பனைக் கட்டணம் 3.5இலிருந்து 5 சதவீதமானது. அனுப்புகைச் செலவின் மீதும் அது விதிக்கப்பட்டது. 2019இல் இலவச அனுப்புகை வந்தது. 2020இல் வெளித்தள விளம்பரத் திட்டம் வந்தது. கூகுள், ஃபேஸ்புக் போன்ற இடங்களில் எட்சி தானே விளம்பரம் செய்யும். அதன் வழியே விற்பனை நடந்தால் விற்பவர் 15 சதவீதம் தர வேண்டும். ஓராண்டில் 10,000 டாலருக்கு மேல் விற்ற கடைகளுக்கு இது 12 சதவீதம். சிறிய கடைகள் இத்திட்டத்திலிருந்து விலகலாம். 10,000 டாலரைத் தாண்டியவர்கள் விலக முடியாது. வளர்ந்தவர் ஒரு தேர்வுரிமையை இழந்தார். 2022 ஏப்ரல் 11 அன்று விற்பனைக் கட்டணம் 6.5 சதவீதமானது.

இவற்றை ஒரே விற்பனையில் கூட்டிப் பார்க்கலாம். அமெரிக்காவில் 50 டாலருக்கு, இலவச அனுப்புகையோடு, ஒரு மண்குவளைத் தொகுப்பு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனைக் கட்டணம் 3.25 டாலர். பணம் செலுத்தும் சேவைக்கு 3 சதவீதமும் 25 சென்ட்டும், அதாவது 1.75 டாலர். லிஸ்டிங்குக்கு 20 சென்ட். ஓராண்டில் 10,000 டாலரைத் தாண்டிய கடைக்கு, விளம்பரத்தின் வழி வந்த வாடிக்கையாளர் என்றால் இன்னொரு 6 டாலர். ஆக 11.20 டாலர் தளத்துக்குப் போகிறது. மீதியில்தான் மண், சூளை, பெட்டி, அஞ்சல், உழைப்பு எல்லாம்.

கட்டண உயர்வு அமலான அதே நாளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் தங்கள் கடைகளை விடுமுறை நிலைக்கு மாற்றி, ஒரு வாரம் விற்பனையை நிறுத்தினார்கள். ஆதரவு மனுவில் 50,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. கோரிக்கைகள் தெளிவாக இருந்தன. கட்டண உயர்வைக் கைவிட வேண்டும். மலிவுப் பொருளை வாங்கிக் கைவினை என்று விற்பவர்களைத் தடுக்க வேண்டும். முறையீடுகளுக்கு விரைந்து பதில் தர வேண்டும். சிறந்த கடைகளுக்கு முத்திரை தரும் திட்டத்தை நிறுத்த வேண்டும். விளம்பரத் திட்டத்திலிருந்து யாரும் விலக இடம் தர வேண்டும். வாரம் முடிந்தது. கட்டணம் 6.5 சதவீதத்திலேயே நின்றது. போராட்டத்திலிருந்து சுயாதீன விற்பனையாளர்களுக்கான ஓர் அமைப்பு பிறந்ததே அதன் நிலைத்த பலன்.

இங்கே ஒரு தகவலைக் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டண உயர்வைப் பிப்ரவரி இறுதியிலேயே எட்சி அறிவித்துவிட்டது. ஆறு வாரத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. முன்னறிவிப்பு கிடைத்தும் பேச்சுவார்த்தை நடக்கவில்லை. அறிவிப்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தனி ஒருவரால் காக்க முடிவது

எட்சி விற்பனையாளர் தம் லிஸ்டிங் விவரங்களை விரிதாள் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். தலைப்பு, விவரிப்பு, விலை, குறிச்சொற்கள் எல்லாம் அதில் இருக்கும். படங்களுக்கு இணைப்பு மட்டுமே இருக்கும். கடை மூடப்பட்டால் அந்த இணைப்பை நம்ப முடியாது. ஆகவே மூலப் படங்களைத் தனியே சேமித்து வைப்பது அவசியம்.

அடுத்தது சான்று. தளங்களின் பெரும்பாலான நீக்கங்கள் கணினி வழியே நடக்கின்றன. முறையிட வேண்டிய நாளில் சான்றைத் தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். பொருள் உருவாகும் நிலைகளின் தேதியிட்ட படங்கள், மூலப்பொருள் வாங்கிய ரசீதுகள், வரைவுகள் ஆகியவற்றை முன்பே கோப்பில் வைத்திருப்பவரே வலுவாக வாதிட முடியும். 1998ஆம் ஆண்டின் அமெரிக்க எண்மப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு வழியைத் தருகிறது. பதிப்புரிமைப் புகாரால் லிஸ்டிங் நீக்கப்பட்டால், விற்பவர் எதிர் அறிவிப்பு அனுப்பலாம். புகார் கொடுத்தவர் வழக்குத் தொடராவிட்டால், 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் தளம் அதைத் திரும்ப வைக்க வேண்டும். வணிகக்குறிப் புகார்களுக்கு இந்த வழி இல்லை. எந்த வகைப் புகார் என்று அறிவிப்பில் பார்ப்பதே முதல் வேலை.

அமேசானில் சிக்கல் வேறு வகை. அங்கே ஒரு பொருளுக்கு ஒரே பக்கம். பல விற்பனையாளர்கள் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் உருவாக்கிய பக்கத்தில் இன்னொருவர் வந்து ஒட்டிக்கொள்ளலாம், விவரங்களை மாற்றவும் முயலலாம். பதிவு செய்த வணிகக்குறியோடு அமேசானின் பிராண்ட் பதிவேட்டில் சேர்ந்தவருக்குப் பக்கத்தின் மீது கூடுதல் அதிகாரம் கிடைக்கிறது. இந்தியாவில் தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழியே ஒரு வகைப்பாட்டுக்கு 4,500 ரூபாய் கட்டி வணிகக்குறிக்கு விண்ணப்பிக்கலாம். சொந்தப் பெயரில் பொருள் செய்யும் எவரும் தள்ளிப்போடக் கூடாத செலவு இது.

இன்னொன்று, சொந்த இணையதளமும் சொந்த வாடிக்கையாளர் பட்டியலும். இதிலும் தளங்கள் எல்லை வகுத்திருக்கின்றன. எட்சி வழியே வாங்கியவரின் மின்னஞ்சலுக்கு, அவர் ஒப்புதல் இல்லாமல் விளம்பரம் அனுப்பக் கூடாது. வாடிக்கையாளர் தாமாக விரும்பிச் சேரும்படியான வழியை விற்பவரே உருவாக்க வேண்டும்.

பல தளங்களில் விற்பது என்ற யோசனைக்கும் தடை உண்டு. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் 17 மாநிலங்களும் 2023 செப்டம்பரில் அமேசான் மீது தொடுத்த வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று இது: வேறிடத்தில் விலையைக் குறைத்து விற்கும் விற்பனையாளர்களை அமேசான் தேடலில் ஆழத்துக்குத் தள்ளித் தண்டிக்கிறது. அமேசான் இதை மறுக்கிறது. குற்றச்சாட்டு உண்மையாக இருந்தால், ஒரு தளத்தை மட்டும் சார்ந்திருக்காதே என்ற அறிவுரையைப் பின்பற்றுவதற்கே விற்பவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த முயற்சிகள் அனைத்தும் லிஸ்டிங்கின் முதல் பாகத்தைக் காக்கும். கடை போனாலும் சரக்கும் சான்றும் மிஞ்சும். ஆனால் தேடலில் இருந்த இடத்தையும், பத்தாண்டாகச் சேர்ந்த மதிப்புரைகளையும் எந்தக் கோப்பிலும் இறக்கிப் புதிய தளத்தில் ஏற்ற முடியாது. அதற்கு வேறொரு பலம் தேவை.

ரகுடென் கடைக்காரர்கள் கண்ட வழி

1997இல் ஹிரோஷி மிகிதானி 13 கடைகளோடு தொடங்கிய ரகுடென் இச்சிபா, 2019இல் ஏறத்தாழ 50,000 கடைகள் கொண்ட சந்தையாக இருந்தது. இலவச அனுப்புகைத் திட்டத்துக்கு ரகுடென் சொன்ன காரணம் அர்த்தமற்றதல்ல. கடைக்குக் கடை அனுப்புகைச் செலவு மாறுவது வாங்குவோரைக் குழப்புகிறது. அமேசானோடு போட்டியிட ஒரே அளவுகோல் வேண்டும் என்றது. ஆனால் கனமான பொருளை விற்பவரும், குளிரூட்டி அனுப்ப வேண்டிய உணவை விற்பவரும், மிகக் குறைந்த லாபத்தில் ஓடும் சிறு கடைக்காரரும் இந்தச் செலவை எங்கிருந்து ஈடுகட்டுவார்கள் என்பதற்கு அந்தத் திட்டத்தில் பதில் இல்லை.

2019 அக்டோபரில் கடைக்காரர்கள் ரகுடென் யூனியன் என்ற சங்கத்தை அமைத்தார்கள். 2020 ஜனவரியில் கையெழுத்துகளைத் திரட்டி ஜப்பானின் நியாய வர்த்தக ஆணையத்திடம் கொடுத்தார்கள். பிப்ரவரி 10 அன்று ஆணைய அதிகாரிகள் ரகுடெனில் நேரடிச் சோதனை நடத்தினர். பிப்ரவரி 28 அன்று, திட்டத்தை உடனே நிறுத்தி வைக்கும்படி டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் ஆணையம் அவசர மனு செய்தது. மார்ச் 6 அன்று ரகுடென் இறங்கி வந்தது: விரும்பாத கடைகள் விலகிக்கொள்ளலாம். மார்ச் 10 அன்று ஆணையம் மனுவைத் திரும்பப் பெற்றது. மார்ச் 18 அன்று திட்டம் தொடங்கியபோது அது கட்டாயமாக இல்லை.

ஆணையத்துக்குக் கைகொடுத்தது ஜப்பானியப் போட்டிச் சட்டத்தில் உள்ள ஒரு கருத்து. பேரம் பேசுவதில் மேலான நிலையில் இருப்பவர், அந்த நிலையைக் கொண்டு மறுதரப்புக்கு அநியாயமான பாதகம் விளைவிப்பது சட்டமீறல். சந்தை முழுவதையும் அந்த நிறுவனம் பிடித்திருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மேலான நிலையைக் காட்ட, அந்தத் தளத்தை விட்டால் அந்தக் கடைக்காரரின் தொழில் பெரிதும் பாதிக்கப்படும் என்பதே போதும். சிறு வணிகரின் உண்மையான நிலைமையை இந்த அளவுகோல் நேரடியாகத் தொடுகிறது.

கதை அத்தோடு முடியவில்லை. விலகலாம் என்று சொன்ன பிறகும், விலகிய கடைகளைத் தேடலிலும் சலுகை விற்பனைகளிலும் பின்தள்ள நேரும் என்ற அழுத்தம் கடைக்காரர்களுக்குத் தரப்பட்டது என்பது விசாரணையில் தெரிந்தது. ரகுடென் திருத்த நடவடிக்கைகளுக்கு ஒப்புக்கொண்ட பின், 2021 டிசம்பரில் வழக்கு முடிக்கப்பட்டது. இதற்கிடையே 2021 பிப்ரவரியில் எண்மத் தளங்களின் வெளிப்படைத்தன்மைக்கான தனிச்சட்டம் ஜப்பானில் நடைமுறைக்கு வந்தது. அமேசான் ஜப்பான், ரகுடென், யாஹூ ஆகியவை அதன் கீழ் கொண்டுவரப்பட்டன. நிபந்தனைகளை மாற்றுமுன் அறிவிப்பதும், ஆண்டுதோறும் அரசுக்கு அறிக்கை தருவதும் கடமையாயின.

இந்த ஒப்பீட்டில் எட்சி விற்பனையாளர்களின் நிலை இன்னும் துலக்கமாகிறது. அவர்கள் தொழிலாளர்களாகக் கணக்கிடப்படுவதில்லை, தனித்தனி வணிகர்கள். அமெரிக்கத் தொழிலாளர் உறவுச் சட்டம் தொழிற்சங்கத்துக்குத் தரும் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. தனித்தனி வணிகர்கள் கூடி விலைக்காகப் புறக்கணிப்பு நடத்துவது போட்டிச் சட்டத்தையே மீறக்கூடும். வாஷிங்டனில் ஏழைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர்கள் கூடுதல் ஊதியம் கேட்டு நடத்திய புறக்கணிப்பை, 1990இல் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றே தீர்ப்பளித்தது. பெரிய தளத்தை எதிர்த்துச் சிறியவர்கள் ஒன்றுசேர்வதற்கே சட்டத்தின் நிழல் தடையாக நிற்கிறது.

தளத்தின் நியாயமும் அதன் எல்லையும்

விதி மாற்றங்கள் எல்லாமே சிறியவர்களுக்கு எதிரானவை என்று கொள்வது தவறு. 2008 தொடக்கத்தில் ஈபே, விற்பவர்கள் இனி வாங்குவோருக்கு எதிர்மறை மதிப்பீடு தர முடியாது என்று அறிவித்தது. கட்டண அமைப்பும் மாறியது. பிப்ரவரியில் விற்பனையாளர்கள் ஒரு வாரப் புறக்கணிப்பு நடத்தினார்கள். ஈபே சொன்ன காரணம் உண்மையான சிக்கலைத் தொட்டது: குறை சொன்ன வாடிக்கையாளருக்கு விற்பவர் பழிக்குப் பழியாக எதிர்மறை மதிப்பீடு போடுவதால், உண்மையைச் சொல்ல வாங்குவோர் அஞ்சினர். போலிப் பொருள், மோசடிக் கடை, ஆபத்தான பொருள் ஆகியவற்றைத் தடுக்கவும் தளத்துக்கு விதி மாற்றும் சுதந்திரம் வேண்டும். மோசடிக்காரருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுப்பதும் கூடாது.

அந்தச் சுதந்திரத்தையும், விற்பவரின் வருமானத்தைத் தளத்தின் பக்கம் நகர்த்தும் சுதந்திரத்தையும் வேறுபடுத்திப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றி, 2020 ஜூலை 12 முதல் நடைமுறைப்படுத்திய ஒழுங்குமுறை இதைச் செய்து காட்டியது. நிபந்தனைகளை மாற்ற குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; விற்பவர் பெரிய தொழில்நுட்ப மாற்றம் செய்ய வேண்டியிருந்தால் இன்னும் கூடுதல் அவகாசம். லிஸ்டிங்கை நீக்கினால் காரணம் எழுத்தில் வர வேண்டும். கணக்கையே மூடுவதென்றால் 30 நாள் முன்பே சொல்ல வேண்டும். தரவரிசையை முடிவு செய்யும் முக்கியக் காரணிகளை வெளியிட வேண்டும். பெரிய தளங்கள் முறையீட்டுக்கான உள் அமைப்பையும், வெளி நடுவர்களின் பெயர்களையும் வைத்திருக்க வேண்டும். விற்பனையாளர்களின் சங்கங்கள் அவர்கள் சார்பில் நீதிமன்றம் செல்லலாம். மோசடி, சட்டவிரோதப் பொருள், பாதுகாப்பு போன்றவற்றுக்கு விலக்குகள் உண்டு. தளங்கள் இதனால் முடங்கிப்போகவில்லை.

இந்தியாவில் உள்ள இடைவெளி

இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் வெளியிட்ட மின்வணிகச் சந்தை ஆய்வில் இந்தச் சிக்கலைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஒப்பந்த நிபந்தனைகளை மாற்றுமுன் வணிகர்களுக்கு அறிவித்து, நியாயமான அவகாசம் கொடுத்த பிறகே நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. தேடல் வரிசையில் வெளிப்படைத்தன்மையும் கேட்டது. ஆனால் அவை தளங்கள் தாமாக ஏற்கும்படி சொல்லப்பட்ட பரிந்துரைகள். அதே ஆண்டு ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் ஒரு படி முன்னேறின. தரவரிசையின் முக்கியக் காரணிகளைச் சொல்ல வேண்டும், ஒரே வகை விற்பனையாளர்களிடையே வேறுபாடு காட்டினால் அதை நிபந்தனைகளில் விவரிக்க வேண்டும் என்றன. எனினும் அந்த விதிகளின் மையம் நுகர்வோர். விதி மாறும்போது விற்பவருக்கு எத்தனை நாள் அவகாசம், யாரிடம் முறையிடுவது என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.

பதில் இல்லாமையின் விலையை ஒரு வழக்கு காட்டுகிறது. 2018இல் பயண முன்பதிவுத் தளமான மேக்மைட்ரிப், விடுதி நிறுவனமான ஓயோவோடு செய்துகொண்ட உடன்பாட்டை அடுத்து, ஃபேப் ஹோட்டல்ஸ், ட்ரீபோ ஆகியவற்றின் விடுதிகள் அதன் தளங்களிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றைத் திரும்பப் பட்டியலில் சேர்க்கும்படி 2021 மார்ச்சில் போட்டி ஆணையம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. நடைமுறைக் காரணத்தால் குஜராத் உயர் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. 2022 அக்டோபரில் இறுதி ஆணை வந்தது. மேக்மைட்ரிப் குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம். நீக்கப்பட்டதிலிருந்து தீர்ப்புவரை நான்கு ஆண்டுகள். முதலீட்டாளர் பலம் உள்ள நிறுவனங்கள் அவ்வளவு காலம் தாங்கும். திருப்பூரில் பத்து தையல் இயந்திரங்களோடு பனியன் தைத்து விற்பவர் நான்கு மாதம்கூடத் தாங்க மாட்டார். டோக்கியோவில் ஆணையம் நீதிமன்றப் படியேறியதிலிருந்து ரகுடென் இறங்கி வரும்வரை ஆனது ஏழு நாள்.

ஓ.என்.டி.சி. என்ற திறந்த வலையமைப்பு வேறொரு வழியை முயல்கிறது. 2022 ஏப்ரலில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்ட ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. விற்பவர் ஒரு செயலியில் பட்டியலிட்டால், வலையமைப்பில் உள்ள வெவ்வேறு வாங்கும் செயலிகளில் அது தெரியும். ஒரே நிறுவனம் கடையையும் தெருவையும் சேர்த்துப் பிடித்திருப்பதை இது உடைக்கிறது. ஆனாலும் எந்தப் பொருள் முதலில் தெரியும் என்பதை வாங்கும் செயலிதான் முடிவு செய்கிறது. ஆகவே விற்பவருக்கான உரிமைகளை அங்கும் விதியாக எழுதியே ஆக வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

நான்கு உரிமைகள் இந்தியச் சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பது இந்த ஒப்பீடுகளிலிருந்து நான் எட்டும் முடிவு. ஒன்று, கட்டணமும் தரவரிசையும் மாறுமுன் எழுத்தில் அறிவிப்பும் காரணமும். ஏற்கெனவே விற்பனையில் உள்ள லிஸ்டிங்குகளுக்கு மாற்றிக்கொள்ளும் அவகாசம். இரண்டு, நீக்கத்துக்கு எதிராக மனிதர் ஒருவர் படித்து, குறிப்பிட்ட நாள்களுக்குள் பதில் தரும் முறையீடு. மூன்று, விற்பவர் தம் விற்பனை விவரங்களையும், சரிபார்க்கப்பட்ட மதிப்புரைகளையும் வேறு தளத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமை. நான்கு, விற்பனையாளர் சங்கங்கள் போட்டிச் சட்டத்துக்கு அஞ்சாமல் தளத்தோடு கூட்டாகப் பேசவும், ஆணையத்திடம் விரைவான இடைக்கால நிவாரணம் கேட்கவும் வழி.

இவற்றில் நான்காவதே மற்ற மூன்றுக்கும் உயிர் கொடுப்பது. எட்சி விற்பனையாளர்களுக்கு அறிவிப்பு கிடைத்தது, ஒற்றுமை இருந்தது, ஐம்பதாயிரம் கையெழுத்துகள் இருந்தன. அவற்றை ஏற்று விசாரிக்கக் கடமைப்பட்ட ஒருவர் எதிரில் இல்லை. ரகுடென் கடைக்காரர்களுக்கு அப்படி ஒருவர் இருந்தார். தம் கோப்புகளையும் சான்றுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்வது ஒவ்வொரு விற்பனையாளரின் பொறுப்பு. அந்தச் சான்றுகளைக் கேட்டு முடிவு சொல்லும் இடத்தை உருவாக்குவது அரசின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்க, தனித்தனியே விற்பவர்கள் ஒன்றாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும்.